நேராக எடுத்த படம்

அருப்புக்கோட்டையில் ஹரிஹரசுதனிடம் படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையையும் மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். மற்ற ஸ்டுடியோக்களில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இங்கே காலையில் போனால், "சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க" என்பான். நாலு மணிக்குப் போனால் மேகம் மூடியிருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்பான். பாஸ்போர்ட் சைஸ் கேட்டு வருகிறவர்களை அவனே எதிர்க்கடைக்குக் கைகாட்டி அனுப்பிவிடுவான். இவன் கடை திறக்கிறானா, கோயில் நடை திறக்கிறானா என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டால் சுதனுக்குக் கோபம் வராது, உள்ளூரச் சந்தோஷம்தான் வரும்.

ஸ்டுடியோ என்பது அவனுடைய வீட்டின் முன்னறை. அப்பா திம்மையா அங்கேதான் தறி போட்டிருந்தார். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் வெயில் நூலில் விழக்கூடாது என்பதற்காக வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சன்னல் வைத்திருந்தார். அண்ணன் விசைத்தறி போட்டுத் தனியாகப் போனபோது இந்த அறையும் சன்னலும் சுதன் பங்குக்கு வந்தன. அந்தச் சன்னல்தான் அவனுடைய சொத்து. ஃபிளாஷ் கிடையாது, குடை விளக்கு கிடையாது. சன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டை, நிழலைக் கூட்ட வேண்டுமென்றால் அட்டையை எடுத்துவிட்டு ஒரு கறுப்புத் துணி. இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் முகத்தை வழித்து வெள்ளையாக்குகிற வேலையை அவன் தொடுவதில்லை. பரு இருந்தால் பரு இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தால் அதுவும் இருக்கும். வாசல் போர்டில் பெயருக்குக் கீழே 'வெளிச்சம் பொய் சொல்லாது' என்று எழுதி வைத்திருந்தான்.

வெளிச்சம் பொய் சொல்லாது என்பது சரிதான். அதைக் கையில் பிடித்திருக்கிறவன் சொல்லமாட்டான் என்று யார் எழுதிக் கொடுத்தது?

போன வருஷம் சித்திரை மாசம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பால்சாமி என்கிற சம்சாரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலரை ஏக்கர் மானாவாரிக் கரிசல், பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிற மனிதர். சம்சாரம் இல்லை. ஒரே மகள் முருகலட்சுமி. இருபத்தேழு வயது. திருச்சுழி தாலுகா ஆபீசில் ஆதார் எடுக்கிற மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லாங்கிணற்றில் ஒரு இடம் வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டிருக்கிறார்கள் என்று பால்சாமி சொன்னார்.

முருகலட்சுமியின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் வெண்படை இறங்கியிருந்தது. மாநிறத்து முகம், அதனால் வாசலில் நுழைந்ததுமே தெரிந்தது. அவள் அதை முந்தானையால் மறைக்கவோ தலையைச் சாய்க்கவோ இல்லை. நேராக வந்து நின்று, "அண்ணே, ரெண்டு கன்னமும் தெரியுற மாதிரி எடுங்க. அவுக பாத்துத் தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்" என்றாள்.

பால்சாமியும் தலையாட்டினார். "ஆமா தம்பி. புரோக்கர் வாயால சொன்னா கூடக் கொறையச் சொல்லுவாரு. போட்டோவே சொல்லிரட்டும்."

அப்பனும் மகளும் கேட்டது அவ்வளவு தெளிவு. சுதன் அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சன்னலைப் பார்த்து உட்கார வைத்து முதலில் அப்படித்தான் எடுத்தான். அவள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பால்சாமி, "ஏ தாயி, ஒங்க ஆபீசுல ஆதாருக்கு உக்காந்திருக்கவுக மாதிரியே இருக்கியே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சுதன் விரல் அழுத்தியது.

கேமராவின் திரையில் பார்த்தான். அவன் கண்ணுக்கு அந்த வெள்ளை மட்டும்தான் பட்டது. இந்தப் படத்தைப் பார்த்தால் எவன் வருவான் என்று நினைத்தான். பாவம், நல்ல பிள்ளை, நம் கையில் வித்தை இருக்கிறது, செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அது இரக்கம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரக்கத்துக்குள்ளே தன் கைத்திறமையைக் காட்டிப் பார்க்கிற ஆசையும் உட்கார்ந்திருந்தது. அவளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினான். வலது கன்னம் வெளிச்சத்துக்கு, இடது கன்னம் அறைக்குள்ளே. தெர்மாக்கோல் அட்டையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுக் கறுப்புத் துணியைக் கட்டினான். பாதி முகம் பொன்னாக நின்றது, மறுபாதி நிழலில் இறங்கிக் கரைந்துவிட்டது. ஒரு பொட்டு கூடத் தொடவில்லை, அழிக்கவில்லை. தன்னுடைய கொள்கைக்கும் பங்கம் இல்லை என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் பிரிண்ட் வாங்க வந்தபோது பால்சாமி அந்தப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரி மாதிரியே இருக்கா தம்பி" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

முருகலட்சுமி பார்த்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணே. ஆனா இதுல நான் பாதிதான இருக்கேன். மொதல்ல நேரா எடுத்தீகளே, அது எங்க?" என்று கேட்டாள்.

"அது சரியா வரலம்மா. ஆடிப் போச்சு" என்றான் சுதன்.

நாக்கில் நரம்பு இல்லை, சட்டென்று வந்துவிட்டது. இன்னொன்று எடுங்கள் என்று அவள் கேட்டாள். வெளிச்சம் போய்விட்டது, நாளைக்குத்தான் முடியும் என்றான். நாளைக்கு அவளுக்கு ஆபீஸ். மாப்பிள்ளை வீட்டுக்கு அன்று ராத்திரியே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் தயங்கி நின்றதைப் பார்த்து, "மொதல்ல வந்து பாக்கட்டும்மா. நேர்ல பாத்தா எல்லாம் தெரியத்தானே போகுது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாக, நாம என்ன பொய்யா சொல்லிட்டோம், வெளிச்சத்தத் திருப்பி விட்டோம், அவ்வளவுதான்" என்றான். பால்சாமி அந்தப் பொன்முகத்திலேயே கண்ணாக இருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அதையே வாங்கிக்கொண்டாள்.

அந்தப் படத்தைச் சுதன் பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிக்குள் மாட்டி வைத்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள் கூட, இது யார் பிள்ளை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் மனைவி ஸ்ரீமதி மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாதி முகத்தை எங்கே வச்சீங்க?" என்று அவர்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் கேட்டாள். அவளுக்குக் கலை தெரியாது என்று சுதன் நினைத்துக்கொண்டான்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் முருகலட்சுமி தனியாக வந்தாள். முகம் வாடியிருந்தது. கண்ணாடிக்குள் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அந்தப் படத்த எடுத்துருங்க அண்ணே."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எடுத்துருங்க." பிறகு, "அந்த நேர் போட்டோ நெசமாவே வரலையா? ஆடியிருந்தாலும் பரவால்ல. எனக்கு அது வேணும்" என்றாள்.

கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்தது. அதற்குள்ளே அந்தப் படமும் இருந்தது. ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது. ஆனால் கொடுத்தால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று இந்தப் பிள்ளை முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சம் பொய் சொல்லாது என்று போர்டு மாட்டியவனுக்கு அது பெரிய பாடு. எதற்காகக் கேட்கிறாள் என்று அவனும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அத அன்னைக்கே அழிச்சிட்டேன்மா" என்றான்.

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். வாசல் படத்தைக் கழற்றும்போது சுதனுக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. நல்லதைச் செய்தாலும் நன்றி இல்லாத ஊர் என்று ஸ்ரீமதியிடம் புலம்பினான்.

அதற்கப்புறம் ஒன்றேகால் வருஷம் ஓடியது. இந்த வருஷம் ஆவணியில் மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் அழகுராஜா. பம்புசெட்டு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். பையன் தங்கமானவன் என்று பந்தலில் எல்லாரும் சொன்னார்கள். சுதனுக்கு அந்தப் பெயர் எதையும் நினைவுபடுத்தவில்லை. முருகலட்சுமிக்குப் பார்த்த மாப்பிள்ளையின் பெயரை அன்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லையே.

தாலி கட்டி முடிந்ததும் வீட்டு ஆட்களை மட்டும் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி கேட்டார். வேப்ப மரத்தடியில் வெளிச்சம் பதமாக இருந்தது. எல்லாரையும் நிறுத்தினான். மாப்பிள்ளையின் அக்கா தங்கலட்சுமி ஓரத்தில் வந்து நின்றாள். அவளுடைய இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வெண்படை. சுதனுக்குப் பழைய இரக்கம் பொங்கியது. பழைய கைப்பழக்கமும் கூடவே வந்தது. "அக்கா, அந்தப் பந்தல் தூணு நெழலுக்குக் கொஞ்சம் தள்ளிக்கங்க. கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா நல்லாருக்கும்" என்று மெதுவாகச் சொன்னான்.

தங்கலட்சுமி நகரவில்லை. ராஜேஸ்வரிதான் பேசினார்.

"எதுக்குத் தம்பி? கை தெரியட்டும். எங்க வீட்டுல எதையும் மறைக்கிற பழக்கம் இல்ல."

சுதன் அப்படியே படம் எடுத்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீக தம்பி. எம் மூத்தவளக் கட்டிக் குடுக்கும்போது மொத வார்த்தையே இதத்தான் சொன்னேன். சொல்லித்தான் கட்டிக் குடுத்தேன். நாலு எடம் வந்தவுக திரும்பிப் போனாக, போகட்டும்னு விட்டேன். அஞ்சாவது எடம் எல்லாம் தெரிஞ்சே கட்டிக்கிட்டுப் போச்சு. இன்னைக்கு ராணி மாதிரி இருக்கா."

"நல்லதும்மா" என்றான் சுதன்.

"இவனுக்குப் போன வருசம் ரெட்டியபட்டியில ஒரு பிள்ளையப் பாத்தோம். ஆதாரு எடுக்குற பிள்ளை. போட்டோவுல ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. சினிமாக்காரி மாதிரி இருந்தா. போய்ப் பாத்தா அந்த இருட்டுக்குள்ள இந்த வெள்ளை. எனக்கு வெள்ளையப் பாத்து ஒண்ணுமில்ல தம்பி, எம் மக ஒடம்புல இல்லாததா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச மாதிரி மறைச்சிட்டாகளேன்னுதான் ஆத்தாம. இன்னைக்கு மூஞ்சிய மறைக்கிறவுக நாளைக்கு எத மறைப்பாகளோன்னு எந்திரிச்சு வந்துட்டோம். பச்சத் தண்ணி குடிக்கல."

சுதன் மடியில் இருந்த கேமராவின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"எம் மகனுக்கு அந்தப் பிள்ளையப் புடிச்சிருந்துச்சு. ரெண்டு வாரம் எங்கூடச் சரியாப் பேசல. அந்த அப்பன் போன் பண்ணி, 'நாங்க நேராவும் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னோம் ஆத்தா, எடுத்தாக, எங்களுக்கு மறைக்கிற எண்ணமே இல்ல'ன்னு அழுதாரு. சரி, அப்படி ஒண்ணு இருந்தா அனுப்பி வைங்க, எம் மனசு சமாதானம் ஆயிரும், மேக்கொண்டு பேசுவோம்னு நானே வாய் விட்டுச் சொன்னேன். எட்டு நாள் பாத்தோம். வரல. இருந்தாத்தான வரும்? அப்ப அதுவும் பொய்தானன்னு விட்டுட்டோம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போட்டோ எடுத்தவன் எவனோ, அவன் கைய ஒடிக்கணும்" என்றார். பிறகு யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

சுதன் அன்று அந்த வீட்டில் சாப்பிடவில்லை. சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டான். வயிறு சரியில்லை என்றான். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தவன், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் வீடு வந்து சேர்ந்தான்.

வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தான். சித்திரை மாசத்துப் படங்களைத் தேடினான். அது அங்கேதான் இருந்தது. திறந்து பெரிதாக்கிப் பார்த்தான்.

சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் இரண்டு கன்னத்திலும் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. அப்பா சொன்னதற்குச் சிரிக்கிறாள். கண்ணும் சிரிக்கிறது, கன்னமும் சிரிக்கிறது, அந்த வெள்ளையும் சேர்ந்துதான் சிரிக்கிறது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் ஆயிரக்கணக்கான முகங்களை அந்தச் சன்னல் முன்னால் உட்கார வைத்திருக்கிறான். இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு முகம் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. அன்றைக்கு இதை அவன் பார்க்கவில்லை. வெள்ளையை மட்டும் பார்த்தான். வாசலில் மாட்டியிருந்தால் இதை அல்லவா மாட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஸ்ரீமதி காபியோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னான். அவள் ஆறுதல் சொல்லுகிற ரகம் இல்லை.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவாங்க. நீங்க ஒரே பொய்யை ரெண்டு தடவை சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்திட்டீங்க" என்றாள். பிறகு, "இங்கே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா ஆச்சா? போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"இப்பக் குடுத்து என்ன ஆகப் போகுது? அந்தப் பையனுக்கு இன்னைக்குத் தாலி கட்டியாச்சு."

"கட்டியாச்சுதான். அதுக்காக இது உங்க வீட்டுப் படமா?"

திங்கட்கிழமை திருச்சுழிக்குப் போனான். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு உறையில் வைத்து எடுத்துக்கொண்டான். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. நேரே போய் முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை. அவனுடைய ஆதாரில் இருப்பது பழைய படம். அதை மாற்றுகிற சாக்கில் படிவம் வாங்கி டோக்கனும் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தான். மனிதன் கூனிப்போனால் எத்தனை வளைவு வளைகிறான் பாருங்கள்.

அவன் முறை வந்தது. முருகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது ஒரு நொடியில் தெரிந்தது. ஆனால் படிவத்தை வாங்கிச் சரிபார்த்தாள், நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். பின்னால் வெள்ளைத் திரை, எதிரே சின்னக் கேமரா. வலது பக்கத்துச் சன்னலிலிருந்து வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நேராப் பாருங்க அண்ணே. மூஞ்சியில ஒரு பக்கம் நெழல் விழுகுது. கொஞ்சம் இங்கிட்டு நகந்து உக்காருங்க."

அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான். சுதன் நாற்காலியை நகர்த்தினான். நிமிர்ந்து கேமராவைப் பார்க்க வேண்டியிருந்தது. நரைத்த மீசை, வீங்கிய கண், எல்லாம் முழுசாக அந்தத் திரையில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை யாரும் இப்படி உட்கார வைத்து எடுத்ததில்லை. உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

கைரேகை வைத்து, ரசீது வந்ததும் உறையை மேசையில் வைத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே அடுத்த டோக்கன்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்கய்யா" என்றாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீக."

"பொய் சொன்னேன்மா. மொதத் தடவையும் பொய்தான். ஆடவே இல்ல. அதுக்காக ஒரு எடம் நின்னு போச்சுன்னு முந்தாநாள்தான் எனக்குத் தெரியும். மல்லாங்கிணத்துல அந்தம்மாவே சொன்னாக. என்னய மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாயில்ல. ஆனாலும் கேக்குறேன்."

அவள் படத்தை உறைக்குள் வைத்தாள். அழவில்லை. கோபப்பட்டிருந்தால் கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒண்ணும் குடி முழுகிப் போகல அண்ணே. மாப்பிள்ளை கெடச்சாக் கட்டிக்குவேன், இல்லைன்னா இந்தா வேலை இருக்கு. எங்கப்பாதான். ஊருல அவுக பொய்யே பேசினதில்ல. அன்னைலருந்து மகளோட மூஞ்சிய மறைச்சுக் குடுக்கப் பாத்தவருன்னு பேராயிப் போச்சு. டீக்கடைக்குப் போறதில்ல, ஒரு விசேசத்துக்குப் போறதில்ல. நேரா ஒரு போட்டோ எடுத்தாகன்னு அவுகளும் எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிப் பாத்தாக. யாரும் நம்பல." உறையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இத எங்கிட்டக் குடுக்காதீக. அவுககிட்டக் கொண்டுபோய்க் குடுங்க. எங்கிட்டச் சொன்னத அவுககிட்டயும் சொல்லுங்க."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

அங்கிருந்து அவன் நேரே அருப்புக்கோட்டைக்குத் திரும்பியிருக்கலாம். உறையைத் தபாலில் போட்டிருக்கலாம். அந்த நினைப்பும் வராமல் இல்லை. மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கால் ஊன்றி நின்று யோசித்தான். கடைசியில் ரெட்டியபட்டிப் பக்கம் திருப்பினான்.

பால்சாமி வீட்டில்தான் இருந்தார். ஒன்றேகால் வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. சுதனைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கு அவன் மேல் வருத்தமே இல்லை என்பது அந்தத் துடைத்த கையில் தெரிந்தது. நல்ல படம் எடுத்துக் கொடுத்தவர்; பாழாய்ப்போன நேரம் இன்னொரு படம் ஆடிப்போய்விட்டது. அவர் கணக்கில் அவ்வளவுதான்.

சுதன் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தான்.

பால்சாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்து வெள்ளையைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார்.

"அன்னைக்கு நாஞ் சொன்னதுக்குச் சிரிச்சாளே, அதுதான் இது?"

"ஆமா அண்ணாச்சி."

"அவ வந்து கேட்டப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி."

திட்டுவார், செருப்பை எடுப்பார் என்று சுதன் காத்து நின்றான். எடுத்திருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான்.

பால்சாமி உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். படத்தைத் திருப்பித் திண்ணையில் வைத்தார்.

"தம்பி, இதுக்குப் பின்னால, இது அன்னைக்கே எடுத்ததுன்னு தேதி போட்டு எழுதிக் குடுப்பீகளா? ஒங்க கையெழுத்தும் வேணும். சும்மா காட்டுனா, இப்பப் போய் எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிப்புடுவாக."

சுதன் மண்டியிட்டு உட்கார்ந்து எழுதினான். போன வருஷத்துச் சித்திரைத் தேதியைப் போட்டான். 'இது முருகலட்சுமியும் அவர் தகப்பனாரும் கேட்டபடி நேராக எடுத்த படம். அவர்களிடம் கொடுக்காமல் மறைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பால்சாமி அதை இரண்டு தடவை படித்தார். தோளில் கிடந்த துண்டில் மடங்காமல் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டீக்கடை இருக்கிற திசையைப் பார்த்தார். உடனே கிளம்பிவிடுவார் போலிருந்தது. பிறகு திரும்பி, வீட்டுக்கு வந்தவனை நினைத்துக்கொண்டார்.

"கை நனைச்சுட்டுப் போங்க தம்பி. வெறும் வயித்தோட போகக்கூடாது. அன்னைக்கு வந்தவுகதான் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாக. சமைச்சதெல்லாம் அப்படியே கெடந்துச்சு."

இதற்கு அவர் செருப்பையே எடுத்திருக்கலாம் என்று சுதனுக்குத் தோன்றியது. கையைக் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவரே தட்டு வைத்துச் சோறு போட்டு, பருப்புக் குழம்பு ஊற்றினார். துண்டில் சுற்றிய படம் அவர் கக்கத்தை விட்டு இறங்கவே இல்லை. தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் போடவா என்று பால்சாமி கேட்டார். சுதன் தலையை நிமிர்த்தாமலே தட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.